வெற்றிப் பாட்டு, வெறிச்சோடும் ஆடுகளம்

1970-களில் இங்கிலாந்தின் வடக்கே, விகன் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில், ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கதவு திறக்கும் நடனக்கூடம் ஒன்று இருந்தது. பெயர் விகன் கேசினோ. அந்த நேரத்தில் உள்ளே மது கிடையாது. ஆனாலும் சுற்று வட்டார ஊர்களிலிருந்து இளைஞர்கள் வாராவாரம் திரண்டுவந்து, காலை எட்டு மணி வரை அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் இசைத்தட்டுகளுக்கு ஆடினார்கள். அவர்கள் வியர்வை சொட்டச் சொட்ட ஆடிய பாட்டுகளில் பெரும்பாலானவை, வெளிவந்த காலத்தில் அமெரிக்காவிலேயே யாரும் சீந்தாதவை. அதே காலத்தில் முதலிடம் பிடித்து வானொலியில் ஓயாமல் ஒலித்த மோடவுன் நிறுவனத்தின் பாட்டுகளுக்கோ அங்கே மவுசு இல்லை.

ஊரே கொண்டாடிய ஒரு பாட்டு தொடங்கியதும், ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிச் சுவரோரம் போய் நிற்பது டி.ஜே.க்கள் அத்தனை பேரும் அஞ்சும் காட்சி. ‘பாட்டு பழசாகிவிட்டது’ என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். விகனில் அந்தக் காரணம் எடுபடாது. அங்கே ஆடப்பட்ட பாட்டுகளும் பத்து வருடம் பழையவைதான். ‘பாட்டில் தரமில்லை’ என்பதும் பொருந்தாது. தளத்தைக் காலியாக்கிய பாட்டுகளோ இலட்சக்கணக்கில் விற்றவை. அப்படியென்றால் கோளாறு பாட்டில் இல்லை. பாட்டுக்கும் அது ஒலிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது.

கேட்பதற்கு ஒன்று, ஆடுவதற்கு ஒன்று

சோல் என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவது ஒரே வகை இசை அல்ல. தேவாலயக் கூட்டுப் பாடலிலிருந்து பிறந்த இந்த இசைக்கு ஆரம்பம் முதலே இரண்டு முகங்கள் உண்டு: ஒன்று உருகிப் பாடுவது, மற்றொன்று துள்ளவைப்பது. 1966-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பெர்சி ஸ்லெட்ஜின் ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ முதல் வகை. ஓட்டிஸ் ரெட்டிங் இறந்த பிறகு 1968-இல் வெளிவந்து முதலிடத்துக்குப் போன ‘டாக் ஆஃப் தி பே’ பாட்டும் ஆடுவதற்கென்று பிறந்ததல்ல. இரண்டையும் இன்றும் கோடிக்கணக்கானோர் விரும்பிக் கேட்கிறார்கள். பாட்டுப் பட்டியல் தயாரிக்கும் எவரும் ‘எல்லோருக்கும் தெரிந்த சோல்’ என்று இவற்றைத்தான் முதலில் எடுத்துவைப்பார்கள். ஆட்டம் சூடுபிடித்த கூடத்தில் இவற்றைப் போட்டால் தளம் காலியாவதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு காலத்தில் இந்தப் பாட்டுகளுக்கும் ஆட்டம் இருந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடன இரவுகளின் நடுவிலோ முடிவிலோ, இணைகள் ஒருவரையொருவர் அணைத்து மெல்ல அசையும் ‘ஸ்லோ டான்ஸ்’ கட்டாயம் இடம்பெற்றது. டி.ஜே. இரவு முழுக்க ஒரே தாள ஓட்டத்தை விடாமல் கொண்டுபோகும் பழக்கம் பரவியபோது அந்த வழக்கம் கிளப்புகளிலிருந்து மெல்ல விடைபெற்றது. பாட்டு மாறவில்லை; அதற்கென ஒதுக்கப்பட்ட நேரம்தான் காணாமல் போயிற்று.

டேவ் கோடின் என்ற லண்டன் எழுத்தாளரின் வாழ்க்கையிலேயே இந்த இரு முகங்களையும் பார்க்கலாம். பிரிட்டனில் மோடவுன் இசையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் அவர். லண்டனில் ‘சோல் சிட்டி’ என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தினார். கால்பந்து ஆட்டம் பார்க்க வடக்கிலிருந்து வரும் இளைஞர்கள் புதிய ஃபங்க் தட்டுகளை ஏறெடுத்தும் பார்க்காமல், அறுபதுகளின் வேகமான சோல் தட்டுகளையே கேட்டு வாங்குவதைக் கவனித்தார். அந்த ரசனைக்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயரிட்டு, 1970-இல் ‘புளூஸ் அண்ட் சோல்’ இதழில் எழுதினார். ஆனால் அதே மனிதர் பிற்காலத்தில் தொகுத்தளித்ததோ நான்கு தொகுதி ‘டீப் சோல்’ — பெரும்பாலும் மெதுவான, கண்ணீர் கசியும் பாட்டுகள். எதை ஆடுவது, எதை உட்கார்ந்து கேட்பது என்ற வேறுபாடு அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஆட்டம் மறைந்தால் பாட்டு அநாதை

வேகம் இருந்தும் ஆளில்லாமல் போகும் பாட்டுகளும் உண்டு. அவற்றின் கதை இன்னும் சுவையானது.

1965 மே மாதம். மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் வில்சன் பிக்கெட்டின் ‘இன் தி மிட்நைட் அவர்’ பதிவாகிக்கொண்டிருந்தது. அட்லான்டிக் நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லருக்குத் தாளத்தில் ஏதோ குறை பட்டது. அவர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெளியே வந்து, கலைஞர்கள் முன்னால் ஆடிக்காட்டினார். அந்நாளில் நியூயார்க் இளைஞர்களிடையே பரவியிருந்த ‘ஜெர்க்’ நடனம் அது. இரண்டாவது, நான்காவது அடிகள் ஒரு மயிரிழை பிந்தி விழுந்தால்தான் அந்த நடனத்துக்குப் பொருந்தும் என்பது அவர் கருத்து. டிரம்ஸ் வாசித்த ஆல் ஜாக்சனும் கிதார் வாசித்த ஸ்டீவ் கிராப்பரும் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பிந்தி விழும் அந்த அடியே பின்னாளில் ஸ்டாக்ஸ் இசையின் அடையாளமாயிற்று.

அப்படியானால் அந்தப் பாட்டின் எலும்புக்கூடே ஒரு குறிப்பிட்ட நடனத்துக்காக வார்க்கப்பட்டது. ஜெர்க் ஆடத் தெரிந்த கால்களுக்கு அந்தத் தாமதம் ஓர் அழைப்பு. அந்த நடனத்தைப் பார்த்தே இராத தலைமுறைக்கு அதே தாமதம் ஒரு தயக்கமாக மட்டும் கேட்கும்.

அறுபதுகளின் அமெரிக்க நடன உலகில் இப்படி மாதத்துக்கு ஒரு மோகம் வந்துபோயிற்று. லார்க்ஸ் குழு 1964-இல் ‘தி ஜெர்க்’ என்ற பெயரிலேயே பாட்டு வெளியிட்டது. 1962-இல் டீ டீ ஷார்ப் ‘மேஷ்ட் பொட்டேட்டோ டைம்’ பாடினார். கிறிஸ் கென்னர் எழுதி, 1966-இல் பிக்கெட் பாடிப் பெரும் வெற்றி கண்ட ‘லேண்ட் ஆஃப் 1000 டான்சஸ்’, அந்தக் கால நடனங்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறது. அன்று அது கூட்டத்துக்கான கட்டளை: பெயரைச் சொன்னதும் கூட்டம் அந்த நடனத்துக்கு மாறும். இன்று அந்தப் பட்டியலில் உள்ள நடனங்களில் ஒன்றையாவது முறைப்படி ஆடத் தெரிந்தவர்கள் அரிது. பாட்டின் உற்சாகம் காதில் விழுகிறது. காலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தாளத்தின் சிக்கல் அளவும் இதில் சேரும். 2014-இல் மரியா விடெக் தலைமையிலான ஆய்வாளர்கள் ‘ப்ளோஸ் ஒன்’ ஆய்விதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தாளத்தில் எதிர்பாராத இடங்களில் விழும் அடிகள் மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் ஆடத் தோன்றுவதில்லை; நடுத்தர அளவில் இருக்கும்போதுதான் ஆசை உச்சத்துக்குப் போகிறது. மோடவுனின் அறுபதுகளின் பாட்டுகள் பலவற்றில் ஒவ்வோர் அடியும் அறைந்தாற்போல நேராக விழும். 1967-இல் ஜேம்ஸ் பிரவுன் ‘கோல்ட் ஸ்வெட்’ மூலம் திறந்த ஃபங்க் பாதையில் அடிகள் சிதறி விழும். இரண்டுமே கறுப்பின இசைதான், இரண்டுமே அன்று பெருவெற்றி. ஆனால் ஒன்றுக்குப் பழகிய கூட்டத்தின் முன்னால் மற்றொன்றைப் போட்டால் உடல் குழம்பும். வடக்கு இங்கிலாந்தில் நடந்ததும் இதுதான்.

தெரிந்த பாட்டு என்ற குற்றம்

விகனுக்கு முன்பு மான்செஸ்டரின் ட்விஸ்டெட் வீல், ஸ்டோக் பக்கத்தில் தி டார்ச் என்று இரவு முழுக்க ஆடும் ‘ஆல்-நைட்டர்’ கூடங்கள் இருந்தன. ட்விஸ்டெட் வீல் 1963-இல் தொடங்கியபோது டி.ஜே. ரோஜர் ஈகிள் புளூஸ், ரிதம் அண்ட் புளூஸ், சோல் என எல்லாவற்றையும் கலந்து போட்டார். தூக்கத்தை விரட்ட ஆம்ஃபெட்டமின் மாத்திரை விழுங்கிவந்த கூட்டத்துக்கு வேகமான பாட்டு மட்டுமே தேவைப்பட்டது. அந்த ஒற்றை வேகம் அலுத்துப்போய் 1966-இல் ஈகிள் விலகினார். அவர் நேசித்த இசையில் பாதி, அந்தக் கூடத்தில் ஏற்கெனவே தளத்தைக் காலியாக்கும் பட்டியலுக்குப் போய்விட்டிருந்தது.

வேகமான, நேரான தாளம் கொண்ட சோல் பாட்டுகளில் புகழ்பெற்றவை விரைவில் தீர்ந்துபோயின. புகழ்பெறாதவற்றைத் தேடும் வேட்டை தொடங்கியது. டி.ஜே.க்கள் அமெரிக்காவுக்குப் பறந்து, விற்காத தட்டுகள் குவிந்த கிடங்குகளைக் குடைந்தார்கள். எவரிடமும் இல்லாத தட்டு ஒருவரிடம் இருந்தால் அவர் தட்டுப் போடும் இரவுக்குக் கூட்டம் வரும். அதனால் பாடகர் பெயரை மற்றவர்கள் படித்துவிடாமல் லேபிளை மறைத்து, பொய்ப் பெயர் சூட்டும் ‘கவர்-அப்’ பழக்கம் பிறந்தது. 1950-களிலேயே ஜமைக்காவில் ஒலிபெருக்கிகளோடு நடன இரவு நடத்திய சவுண்ட் சிஸ்டம்காரர்கள் இதே தந்திரத்தைக் கையாண்டவர்கள். கிங்ஸ்டனில் காக்ஸோன் டாட், வில்லிஸ் ஜாக்சனின் ‘லேட்டர் ஃபார் கேட்டர்’ தட்டின் பெயரை அழித்துவிட்டு ‘காக்ஸோன் ஹாப்’ என்று தன் பெயரிலேயே உலவவிட்டார்.

விகனில் மறைக்கப்பட்ட தட்டுகளில் தலையாயது ஃபிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’. 1965-இல் மோடவுனின் துணை நிறுவனமான ‘சோல்’ லேபிளுக்காகப் பதிவாகி, கடைக்கு வராமலே கைவிடப்பட்ட பாட்டு. தப்பிப் பிழைத்த பிரதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விகனில் அது ‘எடி ஃபாஸ்டர்’ என்ற பொய்ப் பெயரில் ஒலித்தது. அதன் அசல் பிரதி ஒன்று 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது.

இப்படி ஒரு சமூகத்தில், ஊரறிந்த பாட்டு என்பதே ஒரு குறை. ஆடுபவர் தன் உடலால் காட்டுவது இசை இன்பத்தை மட்டுமல்ல. ‘எனக்கு இது தெரியும், உனக்குத் தெரியாது’ என்ற பெருமையையும் சேர்த்துத்தான். நான்கு வருடம் தூசியில் தேடிக் கண்டுபிடித்த பாட்டு தொலைக்காட்சியில் வந்துவிட்டால் அந்தப் பெருமை கரைந்துவிடும்.

அப்படிப் பாட்டுகள் வெளியே வந்துகொண்டேதான் இருந்தன. டாம்ஸ் குழுவின் 1964-ஆம் ஆண்டுப் பாட்டான ‘ஹே கேர்ள் டோன்ட் பாதர் மீ’, வடக்கத்திய கிளப்புகளின் தயவில் மறுவெளியீடு கண்டு 1971-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆர். டீன் டெய்லரின் 1967-ஆம் ஆண்டுப் பாட்டு ‘தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ்’ 1974-இல் மூன்றாம் இடம் வரை போனது. 1975-இல் ‘விகன்ஸ் சோசன் ஃபியூ’ என்ற பெயரில் வெளிவந்த ‘ஃபுட்சி’ பட்டியலில் ஒன்பதாம் இடம் பிடித்தது. ஒரு பழைய வாத்தியப் பதிவின் வேகத்தைக் கூட்டி, கூட்ட இரைச்சலைச் சேர்த்துச் செய்த தட்டு அது. விகன் நடனக்காரர்களே பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் அதற்கு ஆடினார்கள். நிறுவனங்களுக்கு இது பணம். தீவிர ரசிகர்களுக்கோ, சொந்த வீட்டை ஊருக்குத் திறந்துவிட்டதுபோல. பட்டியலில் ஏறிய பாட்டைப் பல டி.ஜே.க்கள் தட்டுப் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

‘டெய்ன்டட் லவ்’ பாட்டின் பயணத்தில் இந்தச் சுழற்சி முழுவதையும் காணலாம். எட் காப் எழுதி, குளோரியா ஜோன்ஸ் 1965-இல் பாடியது. ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் அடங்கிக் கிடந்தது. 1973-இல் அமெரிக்கா போன டி.ஜே. ரிச்சர்ட் சியர்லிங் அந்தத் தட்டை வாங்கிவந்தார். வடக்கின் கூடங்களில் அது தளத்தை நிரப்பும் பாட்டாயிற்று. அதே வடக்கில் வளர்ந்த மார்க் ஆல்மண்டும் டேவிட் பாலும் சேர்ந்த ‘சாஃப்ட் செல்’ குழு, வேகத்தைக் குறைத்து, சின்தசைசரில் புதிதாகச் செய்து 1981-இல் வெளியிட்டது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவின் நூறு பாட்டுப் பட்டியலில் 43 வாரம். பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரிந்த மெட்டான பிறகு, அரிய தட்டுகளுக்கென நடக்கும் இரவுகளில் குளோரியா ஜோன்ஸின் அசலுக்கே பழைய மரியாதை கிடைக்கவில்லை.

ஒரே கூரையின் கீழ் இரண்டு தீர்ப்பு

விகன் கேசினோவிலேயே ‘மிஸ்டர் எம்ஸ்’ என்று இரண்டாவது அறை ஒன்று இருந்தது. பழகிய, பழைய விருப்பங்களுக்கென்றே ஒதுக்கிய அறை அது. பெரிய மண்டபத்தில் ஆடிச் சலித்த பாட்டு, சில அடிகள் தள்ளி அந்தச் சின்ன அறையில் கூட்டத்தை இழுத்தது. பாட்டும் ஒன்று, கட்டடமும் ஒன்று, ஆட்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள். எதிர்பார்ப்பு மட்டும் வேறு.

கடற்கரை நகரமான பிளாக்பூலில் இந்த எதிர்பார்ப்பு ஒரு போராகவே வெடித்தது. பிளாக்பூல் மெக்கா நடனக்கூடத்தின் ஹைலேண்ட் ரூமில் இயன் லெவீனும் காலின் கர்ட்டிஸும் எழுபதுகளின் புதிய சோல் தட்டுகளைப் போடத் தொடங்கினார்கள். கார்ஸ்டேர்ஸ் குழுவின் 1973-ஆம் ஆண்டுப் பாட்டான ‘இட் ரியலி ஹர்ட்ஸ் மீ கேர்ள்’ அந்த மாற்றத்தின் அடையாளம். அறுபதுகளின் நேரடித் தாளத்துக்குப் பழகியவர்கள் கொதித்தார்கள். ‘லெவீன் வெளியேற வேண்டும்’ என்ற முழக்கமே எழுந்தது. வேறொரு கூட்டம் அதே தட்டுகளுக்காகவே பிளாக்பூலுக்குப் பயணப்பட்டது.

நார்தர்ன் சோல் கூடங்களில் இந்தத் தீர்ப்பு பளிச்சென்று கண்ணுக்குத் தெரிவதற்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. அங்கே ஒரு தட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு இழைக்கும் ‘மிக்ஸிங்’ கிடையாது. மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு முடியும், நல்ல பாட்டென்றால் கைதட்டல் எழும், பிறகு அடுத்தது. ஆக, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆடுபவர் நிற்பதா போவதா என்று முடிவெடுக்க வாய்ப்புக் கிடைக்கிறது. அறுபதுகளின் இறுதியில் நியூயார்க்கில் ஃபிரான்சிஸ் கிராசோ போன்ற டி.ஜே.க்கள் வளர்த்தெடுத்த இடைவெளியற்ற முறையில் வெளியேறும் வாசல் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. உயிருள்ள டிரம்மர் வாசித்த அறுபதுகளின் பதிவுகளில் காலப்பிரமாணம் சற்றே முன்பின் ஓடும். எந்திரத் தாளத்தோடு அவற்றை இழைப்பது கடினம். அதனால் இன்றைய நடன இரவின் நடுவே ஒரு பழைய சோல் பாட்டைச் செருகினால், கூட்டம் கலைய ஒரு விரிசல் தானாகவே விழுகிறது.

ஒலியின் கனம்

இன்னொரு காரணம் காதுக்கு எட்டாதது. அறுபதுகளின் ஏழு அங்குல சிங்கிள்கள், ஜூக்பாக்ஸுக்கும் காரில் ஒலிக்கும் சிறிய வானொலிக்கும் ஏற்றபடி செதுக்கப்பட்டவை. அடிநாதம் கூடினால் தட்டின் பள்ளம் அகலமாகும். சின்னத் தட்டில் அதற்கு இடமில்லை. எழுபதுகளின் நடுவில் டாம் மோல்டன் வழிவகுத்த பன்னிரண்டு அங்குல சிங்கிள் அந்தத் தடையை நீக்கியது. 1976-இல் ‘டபுள் எக்ஸ்போஷர்’ குழுவின் ‘டென் பெர்சென்ட்’ அந்த அளவில் கடைக்கு விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த நடன இசை, பெரிய ஒலிபெருக்கிகளை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது.

அடிநாதத்தின் வலுவை 2022-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். உண்மையான ஓர் எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சியில், காதுக்கு ஏறக்குறையக் கேட்காத மிகத் தாழ்ந்த ஒலியைத் தரும் கருவிகளை அவ்வப்போது இயக்கியும் நிறுத்தியும் பார்த்தார்கள். கருவி இயங்கிய நேரத்தில் கூட்டத்தின் அசைவு 11.8 சதவீதம் கூடியிருந்தது. ஆடியவர்களுக்கு வேறுபாடே தெரியவில்லை. இந்த அடிநாதத்தில் ஊறிய உடல்களின் முன்னால் 1966-ஆம் ஆண்டின் மோனோ தட்டைச் சுழலவிட்டால், பாட்டு எவ்வளவு அற்புதமானதாக இருந்தாலும் தரை திடீரென்று மெலிந்துபோகும்.

கேட்டுக் கேட்டுச் சலிப்பதும் உண்டு. திரும்பத் திரும்பச் சந்திக்கும் எதன் மீதும் பிரியம் வளரும் என்று 1968-இல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் காட்டினார். பழக்கம் ஓர் அளவைத் தாண்டினால் இன்பம் இறங்கத் தொடங்கும் என்பது டேனியல் பெர்லைனின் ஆய்வுகள் சேர்த்த மறுபக்கம். விளம்பரங்களிலும் கல்யாண விருந்துகளிலும் தேய்ந்த மோடவுன் பாட்டுகள் இந்தச் சரிவில் நிற்பவை. ஆனால் இளைஞர்களுக்குப் பழைய பாட்டே ஆகாது என்று முடிவுகட்டவும் முடியாது. 2013-இல் கேரல் கிரம்ஹான்சலும் ஜஸ்டின் சுப்னிக்கும் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதுக்காரர்கள் தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளோடும், அறுபதுகளின் பாட்டுகளோடும் நெருக்கம் காட்டினார்கள். வீட்டில் யாரேனும் ஒலிக்கவிட்ட பாட்டு அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்கிறது.

ஆக, காரணங்களை வரிசைப்படுத்தினால் பாட்டின் வயது கடைசியில்தான் வரும். ஒலியின் கனம் ஒரு தடை. நல்ல கருவியும் கவனமான டி.ஜே.யும் இருந்தால் அதை ஓரளவு சரிக்கட்டலாம். புகழ் தரும் சலிப்பு, அரிய தட்டுகளைப் போற்றும் கூடங்களில் மட்டும் கூர்மையாக வேலைசெய்கிறது. எல்லாவற்றிலும் பெரியது, பாட்டுக்குரிய ஆட்டம் கைமாறி வந்திருக்கிறதா என்பதே. விற்பனைப் பட்டியலைப் பார்த்து ஆடுகளத்துக்குப் பாட்டுத் தேர்வு செய்பவர்கள் தோற்பதற்குக் காரணம், அந்தப் பட்டியல் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று சொல்லுமே தவிர எத்தனை பேருக்கு ஆடத் தெரியும் என்று சொல்லாது என்பதே.

ஆட்டத்தைக் காப்பாற்றிய ஊர்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் கரோலினா கடற்கரையில் டாம்ஸ், டிரிஃப்டர்ஸ் போன்ற குழுக்களின் நடுத்தர வேகப் பாட்டுகளுக்கு இணைகள் கைகோத்து ஆடும் ‘ஷாக்’ நடனம், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கும் வகுப்புகள் வழியாகப் புதியவர்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. தென் கரோலினா அதை 1984-இல் மாநிலத்தின் அதிகாரபூர்வ நடனமாக அறிவித்தது; 2005-இல் வட கரோலினாவும் அந்த வழியில் சட்டம் செய்தது. டாம்ஸ் பாட்டுகளுக்கு அங்கே இன்றும் தளம் நிரம்புகிறது.